இரண்டரை நாழிகைப் பிழை

சண்டிலிப்பாய்
16.02.1964

அன்பு மகள் பத்மாசினிக்கு,

பேராதனையில் நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் தாய்க்குப் போட்ட கடிதத்தில் பார்த்தேன். எனக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. சரி, அந்த வழக்கைப் பிறகு பேசுவோம்.

நான் வேலையை விட்டுவிட்டேன். வேறு ஆராவது சொல்லி நீ கேள்விப்படக் கூடாது என்று நானே எழுதுகிறேன். நீர்ப்பாசனப் பகுதியில் எஞ்சினியராக இருபத்தாறு வருஷம் இருந்தேன். சிங்களம் மட்டும் என்ற சட்டப்படி அரசாங்க உத்தியோகத்தர் சிங்களச் சோதினை எழுதாவிட்டால் இனி இடமில்லை என்று கடைசித் தவணை சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு மேலே இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அவரும் எங்கள் தமிழ் ஆள்தான். மரியாதையாகத்தான் பேசினார்.

"தில்லைநாதன், உமக்கு என்னைவிட நல்லாய்ச் சிங்களம் வரும். ஒரு பின்னேரம் இருந்து எழுதிப்போட்டுப் போமன். ஏன் உந்தக் கரைச்சல்?" என்றார்.

உண்மைதான். குளக்கட்டில் என்னோடு நின்ற சிங்கள ஆட்களோடு பதினேழு வருஷம் அவர்களுடைய பாஷையில்தான் கதைத்தேன், பகிடி விட்டேன், ஏசவும் செய்தேன். அவர்களில் ஒருவன்கூட என்னைச் சோதித்துப் பார்க்கவில்லை. தெரியாமல் பயந்து ஓடிவிட்டார் என்று ஆராவது சொன்னால், தெரிந்துகொண்டுதான் விட்டார் என்று நீ சொல்லு. அன்பாகக் கேட்டிருந்தால் கவிதையே எழுதிக் கொடுத்திருப்பேன். வெருட்டினால் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன்.

உன் தாய் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வாய் திறந்தாள். "பொம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு உந்த வீம்பு தேவையோ? உத்தியோகம் இல்லாத மனிசன்ரை பிள்ளையை ஆர் கேட்டு வரப்போறாங்கள்? அதுவும் எட்டிலை செவ்வாயை வைச்சுக்கொண்டு!" என்றாள். நீ பிறந்த நேரம் நாகலிங்கச் சாத்திரியார் எழுதிக் கொடுத்த சாதகத்தை அலுமாரியில் நகையோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் செவ்வாய் எட்டாம் வீட்டில் குந்தியிருந்து, உனக்கு வரப்போகிற புருஷனைத் தின்னப் பார்க்கிறதாம்.

1956 செப்ரெம்பரில் செவ்வாய் பூமிக்குக் கிட்ட வந்தபோது நான் செய்த தொலைநோக்கியால் அதை இருபது நாள் பார்த்துப் படம் கீறியவன் நான். எங்கள் தோட்டத்து மண் நிறத்தில் ஓர் உருண்டை, அவ்வளவுதான். அதற்குப் பல் இல்லை. அந்தக் காகிதத்தை என் கையால் தொடவும் மாட்டேன் என்று உன் தாய்க்குச் சொல்லிவிட்டேன்.

இனி நான் வேலைக்குப் போகிற கந்தோர் மாட்டுக்கொட்டில்தான். சூரியனில் உள்ள புள்ளிகளைத் தொலைநோக்கியால் வெள்ளைக் கடதாசியில் விழுத்திக் காட்டுகிறேன். புகையிலைத் தோட்டத்தில் நிற்கிற ஆட்கள் மத்தியானச் சோற்றுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு தங்கள் கிணறு ஏன் உவர்க்கிறது என்றும் கேட்கிறார்கள். இரண்டும் எனக்குத் தெரிந்த வேலை. நீ கணக்கைப் படி. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

இப்படிக்கு,
ஐயா தில்லைநாதன்

பேராதனை
02.03.1964

அன்புள்ள ஐயாவுக்கு,

நல்லாய்ச் செய்தீர்கள்! உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருத்தி, "உங்கடை ஐயாவுக்கு விசரோ?" என்று கேட்டாள். ஓம், அந்த விசர் எனக்கும் இருக்கிறது என்றேன்.

அம்மாவை அழவிடாதீர்கள். செவ்வாய் என்னைத் தின்னட்டும். முதலில் இறுதிச் சோதினை என்னைத் தின்னாமல் இருந்தால் சரி.

அன்பு மகள்
பத்மா

திருகோணமலை
11.01.1970

ஐயாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. மன்னியுங்கள். இல்லை, மன்னிக்கவும் தேவையில்லை.

பஞ்சலிங்கம் என்று ஒருவரைப் பற்றி அம்மா சொல்லியிருப்பா. இங்கே நில அளவைப் பகுதியில் வேலை. ஊர் மருதனார்மடம். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் காணியை அளக்க வந்த இடத்தில் பழக்கம். ஒரு வருஷமாகக் கதைக்கிறோம். என்னைக் கட்டலாமோ என்று அவராகத்தான் கேட்டார், நானும் ஓம் என்றேன். அவருடைய தாய் கமலாவதி அம்மா சாதகம் கேட்டா. அம்மா அனுப்பினா. மார்கழி நத்தார் லீவில் நான் ஊரில் நிற்கும்போதே அது தபாலில் திரும்பி வந்தது. ஒரு வசனமும் இல்லை, மடித்தது மடித்தபடி.

இது ஏழாவது தரம், ஐயா. முதல் ஆறையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் ஆரோ எவரோ. இந்த மனிசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தச் சாதகத்தை அம்மாவுக்குத் தெரியாமல் இங்கே கொண்டுவந்தேன். கிழித்தெறியத்தான் நினைத்தேன். அதற்கு முன் நான் இருக்கிற வீட்டுக்காரர் யாகோப்பு அண்ணைக்குக் காட்டிச் சிரித்தேன். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் அவர் இங்கே துறைமுகத்தில் மணிக்கூடுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். நான் பிறந்தது 1944 செப்ரெம்பர், மாலை நாலு ஐம்பது என்று வாசித்ததும் அவர், "அது உண்மையிலை மூண்டு ஐம்பதெல்லோ பிள்ளை?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அந்த நாளிலை வெள்ளைக்காரன் இலங்கை முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டவன். விடிய ஏழு மணிக்குத்தான் சூரியன் வாறது. நான்தானே என்ரை கையாலை திருப்பினனான்" என்றார்.

சாதகத்தைத் திரும்ப எடுத்தேன். நாகலிங்கச் சாத்திரியார் விடிகாலை ஆறு மணியைச் சூரிய உதயமாக வைத்து, நாலு ஐம்பதுவரை எண்ணி, இருபத்தேழு நாழிகை என்று எழுதியிருக்கிறார். அந்த மணிக்கூட்டில் உதயம் ஏழு மணி. ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டரை நாழிகை. அதைக் கழித்தால் இருபத்துநாலரைதான் வரும். நான் பிறந்தபோது கிழக்கில் உதித்துக்கொண்டிருந்தது கும்ப ராசி இல்லை, மகர ராசி. அங்கிருந்து வீடுகளை எண்ணினால் செவ்வாய் எட்டாம் வீட்டில் இல்லை, ஒன்பதில். ஒன்பதில் நிற்கிற செவ்வாயை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. நம்பாத ஒன்றினால், அதுவும் பிழையாகக் கணித்த ஒன்றினால், ஆறு வருஷம் வீடு வீடாக என்னைக் கொண்டுபோய்க் காட்டித் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாத்திரியாருக்குத் தெரியாது, விடுங்கள். அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் ஊரிலேயே அந்த ஒரு மணித்தியாலம் தெரிந்த ஒரே மனிசன் நீங்கள். சூரியனையும் மணிக்கூட்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு நாள்கூடச் சோறு தின்னாத ஆள். தொட மாட்டேன் என்றீர்களே! தொட வேண்டாம், ஒரு தரம் குனிந்து பார்த்திருக்கலாமே!

பத்மாசினி

சண்டிலிப்பாய்
25.01.1970

பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள். பதில் எழுதி நாலு தரம் கிழித்தேன். முதல் மூன்றிலும் என்னுடைய பக்கத்து நியாயம் எழுதியிருந்தேன். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு 1944 ஆம் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

அப்போது வன்னியில் ஒரு குளக்கட்டில் நின்றேன். நீ பிறந்த செய்தி தந்தியில் வந்தது. அதில் "பெண், 4.50" என்று இருந்தது. வானத்தில் பார்க்கிற எல்லாவற்றின் நேரத்தையும் ஒரு மணித்தியாலம் குறைத்தே எழுதுகிற பழக்கம் எனக்கு அந்த நாளில் இருந்தது. அந்தப் பக்கத்தில் என்னுடைய கையெழுத்தில் இருப்பது: "மகள். 3.50. வெயில். சுவரில் பதினேழாம் அடுக்கு முடிந்தது."

நான் அன்றைக்கே கழித்து வைத்திருக்கிறேன், பிள்ளை. இருபத்தைந்து வருஷம் அது என்னுடைய புத்தகத்தில் கிடந்திருக்கிறது. அதே வீட்டில், பத்தடி தள்ளி, அலுமாரியில் பிழையான காகிதம் கிடந்திருக்கிறது. நான் சாதகத்தைப் பற்றிக் கதைப்பதே எனக்குக் குறைவு என்று நினைத்தவன். அந்தப் பெருமையில் உன்னைப் பற்றி யோசிக்கவில்லை. நீ எழுதியதில் ஒரு சொல்லும் அதிகமில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் செய்வோம். திருத்திய சாதகத்தை நானே கணித்து எழுதுகிறேன். என் வாழ்நாளில் எழுதுகிற முதலாவது சாதகம், அதுவே கடைசியும். அதை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்கு நானே போகிறேன். கமலாவதி அம்மாவின் வாசலில் நின்று, பிழை எப்படி வந்தது என்று விளங்கப்படுத்துகிறேன். அவமானம் என்றால் அது எனக்குத்தான் வரும், உனக்கு வராது. ஓம் என்று ஒரு வரி போடு.

ஐயா

திருகோணமலை
08.02.1970

அன்புள்ள ஐயாவுக்கு,

"மகள். 3.50. வெயில்." இந்த வரியை வாசித்து அழுதேன். கோபம் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓம் என்று போட மாட்டேன். நீங்கள் மருதனார்மடத்துக்குப் போகக் கூடாது. சாதகம் எழுதவும் கூடாது.

உண்மையான கணக்குத்தானே, கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பஞ்சலிங்கமும் அதைத்தான் கேட்கிறார். அவருக்கு நான் பிழையைச் சொன்னேன். சந்தோஷத்தில் துள்ளினார். "அப்ப திருத்தின சாதகத்தைக் குடுத்தால் முடிஞ்சுது, அம்மாவைச் சமாளிக்கத் தேவையில்லை" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே வாய் கசந்துபோச்சு. நேற்றுவரை எட்டில் செவ்வாய் என்றபோது இந்த மனிசன் என்ன செய்தார்? மௌனமாக இருந்தார். நாளைக்கு ஒன்பதில் என்றால் தாலியோடு வருவார். அப்படியென்றால் அவர் கட்டப்போவது என்னையோ, ஒன்பதாம் வீட்டையோ?

ஐயா, நீங்கள் சிங்களம் தெரிந்துகொண்டும் சோதினை எழுத மாட்டேன் என்றீர்கள். சித்தியடைவேன் என்று தெரிந்துகொண்டே எழுத மாட்டேன் என்றீர்கள். அதைத்தான் நான் விடுதியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது எனக்கும் ஒரு சோதினை வைக்கிறார்கள். நானும் சித்தியடைவேன், விடை கையில் இருக்கிறது. ஆனால் எழுத மாட்டேன். உங்களுக்கு இருக்கிற மானம் எனக்கு இல்லையோ?

வயது இருபத்தைந்து ஆகிறது. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த மனிசன் வராமல் விட்டால் எனக்கு நோகும். நொந்தாலும் சரி.

பத்மா

சண்டிலிப்பாய்
03.03.1970

பத்மாசினிக்கு,

அதுவும் இதுவும் ஒன்றோ? மூன்று நாளாக இதே கேள்வியோடு வளவுக்குள் நடந்தேன். அவர்கள் போட்டது நியாயமில்லாத சட்டம். நீ பிறந்த நேரம் மெய். மெய்யைச் சொல்ல என்ன வெட்கம்? எவ்வளவு உறுதியான வாதம் பார்! ஆனால் எழுதலாம் என்று பேனையை எடுத்தால், "ஒரு பின்னேரம் இருந்து எழுதிப்போட்டுப் போமன்" என்ற வசனம்தான் வருகிறது. அந்தப் பெரியவர் எனக்குச் சொன்னதைத்தான் நான் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைக் கண்டதும் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

சரி. உன் சாதகத்தை எழுத மாட்டேன். மருதனார்மடத்துக்கும் போக மாட்டேன். இது உன்னுடைய சோதினை.

ஆனால் என்னால் வாய் பொத்திக்கொண்டு இருக்க முடியாது. நீ ஒருத்தி மட்டுமோ? 1942 தையில் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் தள்ளினார்கள். அதே வருஷம் செப்ரெம்பரில் ஒரு மணித்தியாலமாக்கினார்கள். 1945 ஐப்பசியில்தான் பழையபடி விட்டார்கள். இந்த நாலு வருஷத்திலும் எங்கள் பகுதியில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கும்! ஆறு மணி உதயம் என்று வைத்து எழுதிய சாதகங்களில் ஏறக்குறையப் பாதிக்கு லக்கினமே மாறும். அதனால் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நாளையும் நேரத்தையும் பார்த்து ஆரும் தங்கள் சாதகத்தைத் தாங்களே திருத்தலாம். முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்: "இந்த நூலாசிரியருக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. கணக்கில் உண்டு."

அச்சுக்கூடத்தில் இருந்து செய்தி கசிந்துவிட்டது. நேற்றுக் காலை நாகலிங்கச் சாத்திரியார் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எஞ்சினியர், நீர் குளத்தைக் கட்டும், வானத்தைப் பாரும். என்ரை பிழைப்பிலை ஏன் மண்ணள்ளிப் போடுறீர்?" என்றார்.

"சாத்திரியார், நாப்பத்துநாலிலை உம்மடை வீட்டு மணிக்கூட்டிலை எத்தினை மணிக்கு விடிஞ்சது?" என்று கேட்டேன்.

அவர் "ஏழு" என்றார்.

"நீர் ஆறு எண்டு வைச்செல்லோ எண்ணினீர்."

"சண்டைக்காலத்திலை ஆர் ஐயா உதெல்லாம் பாத்தது? அரிசிக்கு அலைஞ்ச நாள்." சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் முகம் வெளிறிவிட்டது. எத்தனை சாதகம் எழுதினீர் என்று கேட்டேன். "நூறு, நூற்றைம்பது இருக்கும்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிசனும் அவமானப்படக்கூடிய மனிசன்தான். போகும்போது திரும்பி வந்து, "அச்சடிச்சு வந்தால் ஒண்டு தாரும். ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார்.

உன் தாய்க்கு நீ சொன்னதெல்லாம் சொன்னேன். "தேப்பனுக்கும் மேளுக்கும் ஒரே மூளை, ரெண்டு பேரும் எனக்குத்தான் கொள்ளி வைப்பியள்" என்று ஏசினாள். சமையல் நடக்கிறது. கதை நடக்கவில்லை.

ஐயா

திருகோணமலை
20.04.1970

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்கள் அனுப்பிய முப்பது புத்தகமும் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. ஆசிரியைமாரின் அறையில் என்னுடைய மேசையைச் சுற்றி ஒரே சனம். இன்னும் ஐம்பது அனுப்புங்கள்.

உங்களுக்கு நல்ல செய்தி மட்டும் எழுத மனம் வரவில்லை. எங்களோடு இராசமலர் என்று ஒருவ படிப்பிக்கிறா. 1943 பங்குனியில் பிறந்தவ. என்னைப் போல எட்டில் செவ்வாய் என்று சொல்லி, கேட்டு வந்த ஒருவரை வேண்டாம் என்று விட்டவர்கள். அந்த மனிசன் வேறு கலியாணம் செய்து இப்போது மூன்று பிள்ளைகள். அவ உங்கள் அட்டவணையில் விரலை வைத்துப் பார்த்தா. எட்டு இல்லை, ஒன்பது. முதலில் சிரித்தா. பிறகு, "பத்மா, உங்கடை ஐயா இதைப் பத்து வருஷத்துக்கு முந்தி அடிச்சிருக்கக் கூடாதோ?" என்று கேட்டா. நீங்கள் பதில் தேட வேண்டாம், தெரிந்திருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பஞ்சலிங்கத்தோடு ஆறு கிழமையாகக் கதை இல்லை. சாதகம் தரமாட்டேன், அது இல்லாமல் வருகிறதென்றால் வாரும் என்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனவர் போனவர்தான். அவர் அளவுச் சங்கிலியோடு எங்கள் பள்ளிக்கூடப் பக்கம் வந்தால் நான் யன்னலைச் சாத்துகிறேன். பிறகு யன்னலுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். இது உங்களுக்கு மட்டும். அம்மாவுக்கு வாசிக்காதீர்கள்.

பத்மா

சண்டிலிப்பாய்
12.06.1970

அன்பு மகளுக்கு,

இதைக் கவனமாக வாசி. நான் உன் கலியாணத்தைக் கெடுத்திருக்கக் கூடும்.

புத்தகம் மருதனார்மடம் சந்தைவரை போய்விட்டது. மரக்கறி வாங்கப் போகிற பெண்கள் சாதகத்தையும் பையில் கொண்டுபோகிறார்களாம். கமலாவதி அம்மாவின் கையிலும் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அவவின் மகனும் 1943 இல் பிறந்தவர் அல்லவோ! தாய் இருந்து திருத்திப் பார்த்திருக்கிறா. பழைய சாதகத்தில் அவருக்குச் செவ்வாய் ஆறில், சுத்தம். திருத்தினால் ஏழில். தோஷம்!

செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஏ-போட்டி கார் வந்து எங்கள் படலையில் நின்றது. கமலாவதி அம்மா தனிய இறங்கி வந்தா. கண் சிவந்திருந்தது. உன் தாய் ஓடிப்போய்க் கதிரை போட்டாள், கோப்பி வைத்தாள். இந்த வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு அவளுடைய சிரிப்பை நான் கண்டேன்.

"எஞ்சினியர், உங்கடை புத்தகத்தாலை என்ரை பிள்ளைக்குத் தோஷம் வந்திட்டுது" என்றா.

"அம்மா, புத்தகம் வரமுந்தியும் செவ்வாய் அங்கைதான் நிண்டது" என்றேன்.

"அது இருக்கட்டும். தோஷக்காரனுக்குத் தோஷக்காரிதானே பொருத்தம்? உங்கடை பிள்ளைக்கு எட்டிலை எண்டு முந்தி அனுப்பின சாதகம் இருக்கெல்லோ. அதைத் தாங்கோ. அதோடை சரியாய்ப் பொருந்துது. உங்கடை பிள்ளைக்குத் திருத்தாதேங்கோ. பழையதே இருக்கட்டும்."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! பிள்ளைக்குத் திருத்தம் வேண்டாமாம், மகனுக்கு மட்டும் திருத்தமாம். உன் தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். "குடுங்கோ, ஒண்டும் கதையாமல் குடுங்கோ. பொய் இல்லை, சாத்திரியார் எழுதினதுதானே" என்று காதுக்குள் சொன்னாள். பழைய சாதகம் உன்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நீ எழுதிய கணக்கால் எனக்கு அது மனப்பாடம். ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அன்றைக்கே நாளும் வைத்திருப்பார்கள். நீ விரும்புகிற மனிசன் உனக்குக் கிடைத்திருப்பார்.

அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பெரிய நேரமாக இருந்தது, பிள்ளை. வேலையை விட்ட அன்றைக்கு நான் இப்படி வேர்க்கவில்லை. அன்றைக்கு நட்டம் என்னுடையது. இது உன்னுடையது. நீ யன்னலுக்குப் பின்னால் நிற்கிறதை எழுதியிருந்தாய்.

கடைசியில் சொன்னேன்: "அம்மா, என்ரை பிள்ளைக்குச் சாதகம் இல்லை."

"இல்லையோ? துலைஞ்சு போச்சுதோ?"

"துலையேல்லை. அவ வைச்சிருக்க மாட்டன் எண்டிட்டா. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. உங்கடை மகனுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருந்தால் அவர் வந்து கேக்கட்டும்."

கமலாவதி அம்மா கோப்பியைக் குடிக்காமல் எழும்பிப் போனா. உன் தாய் அழுதுகொண்டு குசினிக்குள் போனவள் பின்னேரம்வரை வெளியே வரவில்லை. நான் உன் சொல்லைக் காப்பாற்றினேன். பிழை என்றால் ஏசி எழுது. இந்த முறை நியாயம் சொல்ல மாட்டேன்.

ஐயா

திருகோணமலை
05.07.1970

அன்புள்ள ஐயாவுக்கு,

ஏச ஒன்றுமில்லை. முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தாயின் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் மாலை பஞ்சலிங்கம் யாகோப்பு அண்ணை வீட்டுக்கு வந்தார். எனக்குத் தோஷமாம், எனக்குத் தோஷமாம் என்று சொல்லிக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. "இருபத்தேழு வருஷம் ஒண்டும் இல்லாமல் இருந்தனான், இனி ஒருத்தரும் பிள்ளை தரமாட்டினமாம்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இரக்கம் பாதி, சிரிப்பு மீதி. "மூண்டு நாளிலை உமக்கு இப்பிடி. நான் இருபத்தைஞ்சு வருஷம் இருந்தனான்" என்றேன். அதைக் கேட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு, "நீர் எனக்குச் சொன்னது அண்டைக்கு விளங்கேல்லை. இப்ப விளங்குது. உம்மை நான் தனிய விட்டிட்டன்" என்றார். ஐயா, அவர் அழகாகப் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் அதை நம்பினேன். ஆனால் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "எனக்குச் சொன்னது காணாது. உங்கடை அம்மாவுக்கு முன்னாலை நிண்டு சொல்லுங்கோ. உங்கடை சாதகத்தையும் அங்கையே விட்டிட்டு வாங்கோ" என்றேன்.

அடுத்த நாள் பஸ்ஸில் மருதனார்மடத்துக்குப் போனார். நாலு நாளாக ஒரு செய்தியும் இல்லை. அந்த நாலு நாளும் நான் பட்டதை உங்களுக்கு எழுத மாட்டேன். ஐந்தாம் நாள் காலை, பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் சூட்கேசோடு வந்து நின்றார். "சொல்லிப்போட்டன். அம்மா கதைக்கிறா இல்லை. உடுப்பெல்லாம் கொண்டுவந்திட்டன்" என்றார். பிள்ளைகள் எல்லாம் எழும்பி நின்று பார்க்கிறார்கள். எனக்கென்ன வெட்கம்? ஓம் என்றேன், வகுப்புக்கு முன்னாலேயே.

யூலை 27, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. பதிவுகாரரின் வீட்டில் கலியாண எழுத்து. ராகு காலம் என்று அம்மா நெஞ்சில் அடிப்பா. ஓம், ராகு காலம்தான். அந்த நேரத்துக்கு ஒருவரும் வருவதில்லை, எங்களுக்கு ஆறுதலாக எழுதலாம் என்று பதிவுகாரரே சொன்னார். அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாலி அவவின் கையிலிருந்துதான் வாங்குவேன் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும். கமலாவதி அம்மாவுக்கும் நானே கடிதம் போட்டிருக்கிறேன். வருவாவோ தெரியாது. வராவிட்டால் எழுத்து முடிய நாங்களே போய்ப் படலையில் நிற்போம்.

இராசமலர்தான் என்னுடைய தோழி. அவவும் ஒரு சேலை எடுத்துவிட்டா.

பதிவுகாரரின் படிவத்தை முன்னமே கேட்டு வாங்கி, எழுத்துக்கு எழுத்து வாசித்தேன். பெயர் கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள், தொழில் கேட்கிறார்கள், தகப்பன் ஆர் என்று கேட்கிறார்கள். பிறந்த நேரத்துக்கு ஓர் இடமும் இல்லை. தகப்பனின் தொழில் என்ற இடத்தில் "இளைப்பாறிய எஞ்சினியர்" என்று எழுதப் போனார் பதிவுகாரர். பேனையைப் பிடித்து நிறுத்தினேன். "அவர் இளைப்பாறேல்லை. எஞ்சினியர், வானசாத்திரி எண்டு எழுதுங்கோ" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், எழுதினார்.

அதற்குப் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. நீங்கள் வந்து, தமிழில், கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் மகள்
பத்மாசினி